அமைதியான நாளிலும் ஆடும் காந்தப்புலம்

ஆசிரியருக்கு,

சூரியப் புயல் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். சூரியன் அமைதியாக இருந்தால் பூமியின் காந்தப்புலமும் மாறாது என்பது போல அதில் எழுதப்பட்டிருந்தது. அது சரியல்ல. சுமார் 100 கி.மீ. உயரத்தில் வெயிலால் மின்னூட்டம் பெறும் காற்று நகரும்போது மின்னோட்டம் உண்டாகிறது. அதனால் தினமும் பகலில் புலம் சற்று மாறுகிறது. அங்கே வீசும் காற்று கீழ் வளிமண்டலத்தையும் பொறுத்தது என்பதால், இன்றைய அளவு நாளைக்கு இருக்காது. காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சில பிற்பகல்களில் கிழக்கே ஓடும் மின்னோட்டம் மேற்காகத் திரும்பிவிடுவதும் உண்டு.

வகுப்பில் இதைச் சொன்னால், “அப்புறம் ஏன் சார் திசைகாட்டி முள் ஆடவில்லை?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மாற்றம் ஆயிரத்தில் சில பங்குதானே! திருநெல்வேலியில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன மையத்தின் பதிவு வரைபடத்தை, வாரம் ஒருமுறையாவது வானிலைப் பகுதியில் வெளியிடலாம்.

- இயற்பியல் ஆசிரியர், தூத்துக்குடி