தம்பிக்கு, ஸ்பீக்கர் வளையம் பற்றி

வெள்ளவத்தை,
விளக்கீடு முடிந்த மறுநாள், விடியப்புறம்

அன்பு மகன்,

நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா உன் கையைப் பார்த்த உடனேயே, மெலிந்துபோனான் என்று தொடங்கிவிட்டா. நான் பலகையைப் பார்த்தேன். வட்டம் வடிவாக வந்திருக்கிறது. மெஷின் இல்லாமல் கைவாளால் அப்படி வெட்டுவது லேசான வேலை இல்லை. கீழ்வீட்டு மாஸ்டரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். ஆனால் அது எம்.டி.எஃப். பலகை. கார்க் கதவுக்கு அது கூடாது.

கார்க் கதவில் ஸ்பீக்கரைப் பூட்டுகிற வளையத்துக்குக் கடையில் காசு கொடுக்க மனமில்லை, நானே செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். நல்லது. காசு பார்த்துச் செலவழிக்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது என்றுதான் யோசித்தேன்.

கதவுக்குள் தண்ணீர் இறங்கும் தம்பி. மழை கண்ணாடியோடு வழிந்து உள்ளே போய், கதவின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டைகளால் வெளியே வரும். அந்த ஓட்டைகளை அடைத்துவிடாதே. எம்.டி.எஃப். என்பது மரத்தூளும் பசையும்தான். ஈரம் பட்டால் பாலில் போட்ட பாண் மாதிரி ஊதிவிடும், பிறகு ஸ்குரூ பிடிக்காது. மரைன் பிளைவூட் துண்டு ஒன்று தேடிப் பார். அதுவும் விலை என்றால், மரக்கறி வெட்டுகிற தடித்த பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதிலேயே வெட்டலாம். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. உன் குசினியில் அப்படி ஒன்று இருக்கும்தானே?

படத்தில் பின் கண்ணாடியும் தெரிந்தது. ஈரம் உட்பக்கத்தில் படிந்திருந்தது. மழை என்றால் வெளியில் இருக்கும். 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு நம் காருக்குள் கிடந்தேன், நினைவிருக்கிறதா? காலையில் எழும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க அதே மாதிரி முத்துமுத்தாக நீர். எல்லாம் என் மூச்சு. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டால் கொஞ்சம் குறையும். அதனால்தான் சொல்கிறேன், பிளைவூட் என்றால் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடி. வெட்டின விளிம்புக்கு இரண்டு தரம் அடி, அதுதான் கூட உறிஞ்சும்.

பின் சீற்றில் தலையணை இருந்தது. ஸ்பீக்கர் உரசாமல் இருக்க வைத்திருப்பாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரைஸ் குக்கரையும் கவனிக்கவில்லை.

வெட்டும்போது உள்வட்டத்தை முதலில் வெட்டு. பலகை பெரிதாக இருக்கும்போதுதான் மேசையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கலாம். வெளிவட்டத்தை வெட்டிவிட்டால் பிறகு பிடிக்க இடமில்லை, வாள் கையில்தான் ஏறும். அளவுக்குப் புது ஸ்பீக்கரின் பெட்டி அட்டையையே வெட்டிக் கதவில் வைத்துப் பார். ஸ்குரூவுக்கு முதலில் சின்ன ஓட்டை போடு, இல்லாவிட்டால் பிளைவூட் பிளக்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஸ்பொன்ஞ் ரேப் ஒட்டு, அது இல்லாமல் பூட்டினால் கதவு கரகரக்கும்.

ஆழம்தான் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தகட்டிலிருந்து கண்ணாடி வரைக்கும் அள. அது இரண்டு அங்குலம், ஸ்பீக்கர் இரண்டரை என்றால், வளையம் முக்கால் அங்குலத் தடிப்பில் வேண்டும். கால் அங்குலம் மிச்சம் இருக்கட்டும். அளக்காமல் பூட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கிற காந்தத்தில் போய் முட்டும். அந்தக் குளிரில் கண்ணாடி ஏறாமல் நின்றால் என்ன செய்வாய்? பனி கொட்டுகிற நேரம் இஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்து பாட்டுக் கேட்காதே. புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளே வரும், மணக்காது, தெரியாது. பாட்டுக் கேட்கும்போது கண் அயர்ந்துவிடும், அதற்காகச் சொல்கிறேன். இஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருக்காதே.

வயரைக் கொழுவ முதல் ரோர்ச் பற்றரி ஒன்றை எடு. ஒன்றரை வோல்ட் போதும். மைனஸை மைனஸில் பிடித்துக்கொண்டு, பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே துள்ளும். இரண்டு கதவிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். இதை உனக்கு ஒன்பது வயதில் காட்டினேன். கூம்பு துள்ளினபோது நீ பயந்து அம்மாவின் சேலைக்குள் போனாய், பிறகு பற்றரி தீரும்வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாய்.

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் எங்கே போனது என்று நீ இரண்டு ஆடிவேல் திருவிழா வரைக்கும் கேட்டாய். கோயிலுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரவல் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கு விற்றேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அடி விழுந்த 2001ஆம் ஆண்டு, நான் வேலை செய்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் போனேன். வீட்டில் சொல்லவில்லை. ஐந்து மாதம் காலையில் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலோடு 100 பஸ்ஸில் ஏறிக் காலிமுகத்திடலில் இறங்குவேன். வெயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷன் வாங்கில் போய் இருப்பேன். பின்னேரம் ஐந்தரைக்கு, வேலை களைப்பு என்று வீட்டுக்கு வருவேன். அந்த மாதங்களில் அம்மாவிடம் கொடுத்த சம்பளத்தில் ஒரு மாதத்தியது உன்னுடைய பெட்டிகள். உன்னுடையது என்றுதான் சொல்லிச் செய்தேன், மூடிக்குப் பின்னால் உன் பெயரும் எழுதியிருந்தது. அதை மண்கடதாசியால் தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாவோ என்னவோ. ஆகவே நீ போனில் எல்லாம் ஓகே அப்பா, வேலை பிஸி அப்பா என்று சொல்லும்போது எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். என்னுடைய குரல்தான் அது.

சரி. ரொறொன்ரோ ஸ்காபறோவில் பெரியத்தை வீட்டு மேலறை சும்மா கிடக்கிறதாம். கல்யாண வீட்டில் அவ சொன்னது பிழைதான், நானும் அன்றைக்கே சொன்னேன். அவவுக்கும் அது தெரியும், வாயால் சொல்ல வராது. போன கிழமை இரண்டு தரம் போன் எடுத்து உன்னைத்தான் விசாரித்தா. நீ காரில் வேலை செய்கிறாய், ஒரு கராஜ் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அவவின் கராஜ் பெரியது. ஸ்பீக்கருக்கென்று அவவின் கையில் கொஞ்சக் காசும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

தங்கச்சியின் சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான். மற்றபடி எல்லாரும் சுகம்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்து ஒன்றரை மாதம். விலாசம் கேட்டால் பிறகு அனுப்புகிறேன் என்கிறாய். இந்தக் கடிதத்தையும் தபாலில் போட வழியில்லாமல் படமெடுத்துப் போனில்தான் அனுப்பப்போகிறேன். கண்ணாடியை இறக்கி அளந்து, ஆழம் எத்தனை அங்குலம் என்று எழுது. விலாசத்தையும் எழுது. பெரியத்தை வீட்டு விலாசம் என்றால் எழுத வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.

அப்பா