வால்டாக்ஸ் சாலையில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கும், நர்ஸ் அக்காவுக்கும், காப்பக அண்ணனுக்கும், இட்லிக்கடைப் பெரியம்மாவுக்கும் வணக்கம்.

பெயர்களை எழுதவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

போன மாதம் வியாசர்பாடியில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார் வீட்டுக்காரர். அவருக்கும் என் நன்றி. முதல் நாள் இரவு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

பாரிமுனையில் மூட்டை தூக்கிய என் கணவரின் கால் முறிந்து, வாடகை நின்று, கொண்டித்தோப்பு வீட்டைக் காலி செய்து வால்டாக்ஸ் சாலை நடைபாதைக்கு வந்தபோது பாப்பாவுக்கு நான்கு வயது. தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். நடைபாதையில் நடக்கப் பழகும் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? மூன்றடி தள்ளினால் லாரி. கட்டுப் போட்ட காலோடு கணவரால் எழுந்து ஓட முடியாது. தண்ணீருக்குப் போகும்போதும் அடுப்பு மூட்டும்போதும் தம்பியின் இடுப்பில் பழைய சேலைத் துண்டைச் சுற்றி, மறுமுனையை விளக்குக் கம்பத்தில் முடிந்து வைப்பேன். பார்த்தவர்கள் "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை ஏதாவது விடுதியில் விட்டுவிடு என்று புத்தி சொன்னவர்களும் உண்டு.

டீச்சர் அம்மா, நீங்கள் மட்டும்தான் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தீர்கள். "இடுப்பை அறுக்காமல் தளர்வாகத்தான் கட்டியிருக்கிறாய்" என்றீர்கள். அன்று நான் அழுதது ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பாப்பாவை நாளைக் காலையில் அங்கன்வாடிக்கு அனுப்பு, தம்பியை நீ கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். முகவரி கேட்பார்களே என்று தயங்கினேன். விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதிக்கொண்டீர்கள்!

மதியச் சாப்பாடும் முட்டையும் பாப்பாவுக்குக் கிடைத்தன. தம்பிக்குச் சத்துமாவு கிடைத்தது. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, மையம் முடிந்தபின் நீங்கள் எங்களோடு உட்கார்ந்த அரைமணி நேரங்களை. அந்த நாட்களில் பாப்பா பசி என்றாலே எனக்குக் கை ஓங்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. "கை ஓங்கும்போது பிள்ளையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அந்தத் தெருமுனை வரை நடந்து வா" என்றீர்கள். பொம்மை இல்லையே என்றேன். போகிற லாரிகளை நிறம் சொல்லி எண்ணச் சொன்னீர்கள். பாப்பா நூறுவரை எண்ணக் கற்றது அந்தச் சாலையில்தான்.

பெரியம்மா, நள்ளிரவில் நான் கட்டணக் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்து கூட வந்தீர்கள். தம்பிக்கு மருந்து கலக்க உங்கள் அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் இருந்தது.

ஐப்பசி மழையில் தடுப்பூசி அட்டை கூழாகிப்போனது. நர்ஸ் அக்கா, என் கைப்பேசியில் எப்போதோ வந்திருந்த கர்ப்பப் பதிவு எண்ணைத் தேடி எடுத்து, புது அட்டை எழுதித் தந்தீர்கள். ஒன்றரை வயது ஊசியைத் தம்பிக்கு நாள் தவறாமல் போட்டீர்கள்.

அந்த மழையில்தான் யாரோ ஒருவர் மாநகராட்சியின் உதவி எண்ணான 1913க்குப் போன் செய்து எங்களைக் காப்பகத்துக்கு அனுப்பினார். அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. முதலில் போன இடத்தில் பெண்களுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். கணவரைத் தனியே விட்டுப் பிரிய எனக்கு மனம் வரவில்லை. குடும்பமாகத் தங்க இடம் தந்த காப்பக அண்ணனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "கும்பிடாதே அம்மா. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. இது உனக்குச் சேர வேண்டியது" என்றார்.

அங்கே முதல் மூன்று இரவும் தம்பி தூங்கவில்லை. லாரிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அமைதி பயமாக இருந்தது. கூடத்தில் இருந்த மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களும் உழைத்துக் களைத்தவர்கள்தானே. நான்காம் நாள் அண்ணன் ஏணியும் துளை போடும் கருவியும் கொண்டுவந்தார். உத்தரத்தில் ஒரு கொக்கியை இறக்கி, தாமே ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டு, "தூளி கட்டு" என்றார். என் பச்சைச் சேலையில் அன்றிரவு தம்பி விடியும்வரை தூங்கினான். கணவரும் நானும் மாறி மாறி ஆட்டினோம்.

அண்ணா, கைக்குழந்தையோடு புதிதாக ஒரு குடும்பம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கொக்கியைக் கழற்றிவிடாதீர்கள். அந்தப் பச்சைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பாப்பா, தம்பியின் அம்மா
வியாசர்பாடி, சென்னை