இந்த வாரப் பயிற்சி: போராட்ட முழக்கத்தை ராப் பாட்டின் பீட்டில் (தாளத்தில்) ஏற்றுவது

வணக்கம். முதலில் ஒமர் ஆஃபெண்டமின் பாட்டுகளைக் கேட்டுவிடுங்கள். சிரிய வம்சாவளி, அமெரிக்காவில் வளர்ந்த ராப்பர். 2011 பிப்ரவரியில், அதிபர் முபாரக் பதவி விலகுவதற்குச் சில நாள் முன்பு, எகிப்துப் புரட்சிக்காக நார்சிசிஸ்ட், ஃப்ரீவே, ஆயா, அமீர் சுலைமான் ஆகிய கலைஞர்களுடன் ‘#ஜான்25’ (புரட்சி தொடங்கிய ஜனவரி 25) பாடினார். அடுத்த ஆண்டு பூர்விக மண்ணுக்காக ‘#சிரியா’. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

பயிற்சி: தெரு முழக்கம் ஒன்றை வைத்து 16 பார் (ஒரு பாருக்கு நான்கு அடி), 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி). ஒரு பார் 2.67 விநாடி, மொத்தம் சுமார் 43 விநாடி. கூட்டம் மெட்ரோனோம் (தாளக் கருவி) பார்த்துக் கத்தாது, போகப்போக வேகம் பிடிக்கும். முழக்கம் பதிவான கிளிப் முழுவதையும் ஒரே அளவில் நீட்டினால் சில சுற்றிலேயே கிக்கை (பீட்டின் கனமான டிரம் அடியை) விட்டு விலகிவிடும். சுற்றுச் சுற்றாக வெட்டி, அழுத்தம் விழும் அசையை பாரின் முதல் அடியில் வையுங்கள். கிளிப்பில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். காற்றிரைச்சல் பேஸோடு மோதும். வரிகளுக்கு அடியில் முழக்கம் ஓடினால் சொல் புரியாது. ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பகுதியில்) மட்டும் போதும்.

போராட்டம் நடக்கும் ஊரிலிருந்து வந்த கிளிப்பில் யாரையாவது பெயர் சொல்லி அழைத்தால் அந்த இடத்தை நீக்குங்கள். தனிக்குரலே வேண்டாம், கூட்டக்குரல் மட்டும். குரலின் பிட்ச் (சுருதி) மாற்றினால் போதாது, திருப்பி மாற்றிவிடலாம். வெளிநாட்டில் பாடுபவருக்குக் கைதட்டல், மாட்டிக்கொள்வது ஊரில் இருப்பவர்.

ஞாயிறு இரவு 9 மணிக்குள், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு), டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாகப் போட்டால் சுருங்கி ஹை-ஹாட் (டிரம்மின் சிறு தாளத்தட்டு) கரகரக்கும், கேட்க மாட்டோம்.