கிளப்பைக் கலைக்கும் முன் அந்தப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்

அமெரிக்க ஊர்களில் ஸ்கொயர் டான்ஸ் கிளப் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று, சொல்லப்படும் அழைப்புக்கேற்ப ஆடுவது ஸ்கொயர் டான்ஸ். ஆள் குறைந்து கிளப்பைக் கலைப்பதற்காகக் கூட்டம் கூடும்போது வங்கியில் மிஞ்சிய பணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். செயலாளர் வீட்டு கேரேஜில் கிடக்கும் பெட்டிகளுக்கும் ஒரு முடிவு வேண்டும்.

இந்த ஆட்டம் பற்றி லாயிட் ஷா 1939-இல் வெளியிட்ட நூல், 1948-இல் பாப் ஆஸ்குட் தொடங்கிய 'செட்ஸ் இன் ஆர்டர்' இதழ், 1952-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் கூடிய முதல் தேசிய மாநாடு எல்லாம் பதிவாகிவிட்டன. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது எங்கும் பதிவாகவில்லை.

முதலில் காப்பாற்ற வேண்டியது புதியவர்களுக்கு ஆட்டம் கற்றுத்தந்த வகுப்புகளின் பதிவேடு. கூட்ட நடவடிக்கைகளைக் குறித்த மினிட் புத்தகத்தைவிட அது அதிகம் சொல்லும். எட்டுப் பேரில் ஒருவர் தடுமாறினாலும் சதுரம் உடைந்துவிடும். அதனால்தான் அழைப்புகளின் பட்டியல் முழுவதையும் கற்ற பிறகே புதியவரைக் கிளப் ஆட்டத்தில் சேர்த்தார்கள். பட்டியல் நீள நீள வகுப்பும் மாதக்கணக்கில் நீண்டது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த வாரத்தில் நின்றார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை ஆண்டுவாரியாக எடுத்து எழுதுங்கள். கிளப் ஏன் தேய்ந்தது என்பதற்கு ஊகமில்லாத பதில் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது காலரின், அதாவது அழைப்பு விடுப்பவரின், கையெழுத்து அட்டைகளும் 45 சுழற்சி இசைத்தட்டுகளும். ஒரு பக்கம் அழைப்போடும் மறுபக்கம் வெறும் இசையாகவும் வந்த தட்டுகள் அவை. உறைமேல் காலர் கிறுக்கிய குறிப்புகள்தான் அரியவை. கிழிந்த உறையையும் எறியாதீர்கள். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அடுக்கிப் படுக்கவைத்தால் வளைந்துவிடும். ரீல் டேப் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். காந்தப்பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் உறிஞ்சி இளகியிருக்கும்; தொடர்ந்து ஓட்டினால் பூச்சே உரிந்து வந்துவிடும். அதைத் தொழில்முறையாளரிடம் கொடுங்கள்.

படங்களின் பின்புறம் பால்பாயின்ட் வேண்டாம், மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். காலருக்கு முதுகு காட்டி நிற்பது முதல் ஜோடி. அவர்களுக்கு வலப்புறம் இரண்டாவது. இந்த வரிசையில் பெயர் எழுதினால் குழப்பம் வராது. துருப்பிடித்த ஊக்குகளையும் ரப்பர் வளையங்களையும் அகற்றுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது.

பேனர்களை மடித்தால் மடிப்பில் சாயம் வெடிக்கும். அமிலமற்ற தாளோடு குழாயில் சுற்றிவையுங்கள். ஒரு சதுரத்துக்குத் தேவையான ஆட்களோடு போய் அடுத்த கிளப்பின் பேனரை எடுத்து வருவதும், அவர்கள் வந்து மீட்பதும் உங்கள் வழக்கம் அல்லவா? யார் எப்போது வந்தார்கள் என்ற ஏட்டைப் பார்த்தால் எந்தெந்த ஊர்கள் உறவாடின என்பது தெரிந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இந்த ஆட்டத்தில் அழைப்பு விடுக்கும் மரபை உருவாக்கியவர்களில் 19-ஆம் நூற்றாண்டின் கறுப்பினப் பிடில் கலைஞர்களும் காலர்களும் உண்டு. உங்கள் பழைய விதிகளில் உறுப்பினரை நிறம் பார்த்து ஒதுக்கிய வரி இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அப்படியே ஒப்படையுங்கள்.

மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கோ நியூ இங்கிலாந்து ஸ்கொயர் டான்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புக்கோ முதலில் பொருட்பட்டியலை மட்டும் அனுப்புங்கள். சொல்லாமல் பெட்டியை இறக்கினால் ஏற்க மறுக்கலாம். முகவரி உள்ள ஏடுகளை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்பதை நன்கொடை ஒப்பந்தத்திலேயே எழுதி, பொறுப்பில் இருக்கும் இருவர் கையெழுத்திடுங்கள். கிளப் கலைந்த பிறகு அந்தக் கையெழுத்துக்குச் சட்டப்படி உரியவர் யாரும் இருக்கமாட்டார்கள்.