ஒரு மூலை குறைந்த போர்வைக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், தங்கைமார், மாமிமார், தம்பிமார் எல்லோருக்கும்,

துண்டுத் துணிகளை இணைத்து நாங்கள் தைத்த ரீச்சரின் போர்வை மார்கழி முதற் கிழமை அவருடைய மடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படம் அனுப்பும்படி பலர் கேட்டிருந்தீர்கள். "தலைகூட இழுக்கவில்லை, போ" என்று ரீச்சர் என்னைத் துரத்திவிட்டார். ஆகையால் படத்துக்குப் பதிலாக இந்த மடல்.

ரீச்சரை அறியாதவர்களும் இந்த வேலையில் உதவியிருக்கிறீர்கள். தருமபுரத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் எங்கள் பதினாறு பேருக்கும் சட்டைக்குக் கழுத்து வெட்டவும் பொத்தான் துளை எடுக்கவும் கற்றுத் தந்தவர் அவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம், குருதிச் சுத்திகரிப்பு. உடம்பின் இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றித் திரும்பும்போது சூடு குறைந்துவிடும், அதனால் குளிரும். வைகாசி வெயிலில் ரீச்சர் பல் கிட்டிப்போய்ப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் இந்தப் போர்வை எண்ணம் பிறந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு துணி சேர்க்கத் தொடங்கினோம்.

ஊரில் இருக்கும் பழைய தையல் மெசின்களை எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, எல்லோரும் வட்டமாக இருந்து தைப்பது என்பது என் திட்டம். அழகான திட்டம்தான். ஒருவரும் சம்மதிக்கவில்லை. "மெசின் வீட்டை விட்டு வராது" என்று விசுவமடு மாமி ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். மாமியின் கை மெசின் 2009 ஆம் ஆண்டுப் போரில் உரப்பையில் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, இறங்கி, கடைசியில் ஒரு பங்கருக்குள் புதைந்து, மீள்குடியேறியபோது துருவோடு தோண்டி எடுக்கப்பட்டது. இனியும் ஒரு முறை அதை வாசல் தாண்டித் தூக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? புதுக்குடியிருப்பு அக்காவின் கால் மெசினுக்குத் தலை மட்டும்தான் மிஞ்சியது. வார்ப்பிரும்புக் கால்கள் விட்ட இடத்திலேயே கிடந்து, பழைய இரும்பு வாங்க வந்தவர்களின் தராசில் ஏறிவிட்டன. இப்போது அந்தத் தலை வேறொரு மெசினின் காலில் இருக்கிறது.

ஆகவே மெசின்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. துணிதான் ஊர் ஊராகப் போனது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எல்லாம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில்தான். முதல் நன்றி, அந்த வீதியில் ஓடும் பஸ்ஸின் நடத்துநர் தம்பிக்கு. வெட்டிய துண்டுகளைப் பொலித்தீன் பையில் கட்டி, மேலே ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு பொதிகூடத் தொலையவில்லை. ஐப்பசி மழையில் பஸ்ஸின் கூரை ஒழுகியபோது பொதியைத் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனதாகப் பிறகுதான் அறிந்தேன். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

துணி தந்தவர்களுக்கு அடுத்த நன்றி. அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியில் வெட்டி மிஞ்சியது எல்லா வீட்டிலும் இருந்தது. போர்வையில் பாதி அதுதான். மற்றப் பாதி சீத்தைத் துணி, பழைய சேலை, சாறம். உடையார்கட்டு அக்கா ஒரு சட்டையின் மார்புப் பக்கத்தை அப்படியே வெட்டித் தந்தார், பையோடு. மகனுடைய சட்டை. பையைப் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிரிக்கவில்லை. ரீச்சர் இப்போது மூக்குக் கண்ணாடியை அதற்குள்தான் வைக்கிறார். சிவப்புச் சாறம் தந்தவரின் ஊரைச் சொல்லமாட்டேன். ஆனால் அதை முதலில் தனியாக ஊறவைத்திருந்தால் ஆறு வெள்ளைத் துண்டுகள் ரோஜா நிறமாகியிருக்கமாட்டா.

மெசின்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மடல் பாதி மடல்தான். சிங்கர் தையல் மெசின் கொம்பனி 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எங்கள் பாட்டிமாரின் மெசின்களில் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அந்தத் தொழிற்சாலையே 1980 ஆம் ஆண்டு மூடிவிட்டது, மெசின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாமியின் மெசினில் கீழ்நூல் சுற்றும் வட்டப் பொபின் இல்லை. நீளமான ஊசிபோன்ற பொபின், படகு வடிவக் கூட்டுக்குள் கிடந்து முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். கைபிடியைச் சுற்ற வலது கை வேண்டும் என்பதால் துணியைப் பிடிக்க இடது கை மட்டுமே மிஞ்சும். நேராகத் தைக்க அது போதாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பக்கத்தில் முக்காலியில் ஏறி இருந்து கைபிடியைச் சுற்றினாள். மாமி இரு கையாலும் துணியைப் பிடித்தார். மாமி "நில்" என்றால் நிற்பாள், "மெல்ல" என்றால் மெல்லச் சுற்றுவாள். அந்த வீட்டிலிருந்து வந்த ஆறு கட்டங்களும் அளவு பிசகாமல் வந்தன. குட்டிக்குத் தனியாக நன்றி, ஒரு பெட்டி நிறக் கட்டிகளோடு.

மற்ற வீடுகள் அப்படியில்லை. ஒரு கட்டத்துக்கு நாலரை அங்குலச் சதுரம் ஒன்பது. கால் அங்குலம் விட்டுத் தைத்தால் பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டும். முதல் நான்கு கட்டங்களைப் பாயில் பரப்பினால் ஒன்று பன்னிரண்டரை, ஒன்று பன்னிரண்டு, மற்ற இரண்டும் இடையில் எங்கோ. ஒவ்வொருவரும் துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தின் ஓரத்தையே கால் அங்குலம் என்று நம்பியிருந்தோம். பாதத்தின் அகலம் மெசினுக்கு மெசின் வேறு. தையல் அரைக்கால் அங்குலம் உள்ளே போனால் இரு பக்கத் துணியிலும் குறைந்து கால் அங்குலம். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக அரை அங்குலம். ஒரு கிழமை முழுவதும் பிரிப்பதிலேயே போயிற்று. பிறகு ஊசியிலிருந்து அளந்து, கால் அங்குலத்தில் ஒரு தடித்த மட்டையை வைத்து, இறப்பர் வளையத்தால் மெசினோடு கட்டிவிட்டோம். ஒட்டுப்பிளாஸ்டர் ஒட்டலாம் என்றேன்; மெசினில் உள்ள தங்கப் பூ அலங்காரம் உரிந்து வந்துவிடும் என்று புதுக்குடியிருப்பு அக்கா என் கையைத் தட்டிவிட்டார். அவர் சொன்னது சரி.

உடையார்கட்டு மெசின் அசையவே மறுத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மெசின் எண்ணெய் கிடைக்காமல் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் பிசினாக இறுகிவிட்டது. கிளிநொச்சியிலிருந்து வந்த மெசின் திருத்தும் ஐயா ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, மறுநாள் வந்து சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து அசைத்தே அதை எழுப்பினார். தோல்பட்டி அறுந்தபோது சைக்கிள் கடை அண்ணா அதை அளவாக வெட்டிக் கம்பிக் கொளுவி போட்டுத் தந்தார். தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் கால் நோகும் என்று மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டே போனார். என்னுடைய பட்டாம்பூச்சி மார்க் மெசின் வாழ்வாதார உதவியில் கிடைத்தது. அதைப் பழைய மெசின் என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு தகராறு நடந்தது. மூன்று கட்டங்கள் தைக்க விட்டார்கள். மின்சாரம் நின்ற மாலைகளிலும் நான்கு மெசின்களும் ஓடின. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

போர்வையின் உருவத்தை மாற்றியவர் குருதிச் சுத்திகரிப்புச் செய்யும் இடத்தில் உள்ள ஒரு தாதி. இருபது கட்டம், நான்குக்கு ஐந்து என்று கணக்குப் போட்டு, மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அக்கா, ஊசி போட்ட கை எப்போதும் எங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். இரத்தம் கசிந்தால் உடனே பார்க்க வேண்டும். போர்த்திவிட்டால் எப்படி?" என்று கேட்டார். எங்கள் பதினாறு தலைகளுக்கும் அது தோன்றவில்லை. ரீச்சருக்கு ஊசி போடுவது இடது கையில். ஆகவே மேல் இடது மூலைக் கட்டத்தை விட்டுவிட்டோம். மொத்தம் பத்தொன்பது கட்டம், நூற்றெழுபத்தொரு துண்டு. உள்ளே பஞ்சு வைக்காமல் பழைய மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றை வைத்து, கையால் நூலோடினோம். ஒரு நாள் வெயிலில் காயவேண்டும் அல்லவா. அந்த உள்மூலைக்கு ஓரப்பட்டி போட்டது பெரும் பாடு. துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டி எடுத்த பட்டிதான் வளைந்து கொடுக்கும். புதுக்குடியிருப்பு அக்கா அதை மூன்று தடவை பிரித்தார், ஒரு தடவை அழுதார்.

பார்ப்பவர்கள் துணி போதாமல் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். ரீச்சர் கேட்கவில்லை. இடது கையை வெளியே நீட்டிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, வகுப்பில் செய்வதுபோலவே, போர்வையைப் புரட்டி மறுபக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஓரப்பட்டியின் அடிப்பக்கத்தில் நான்கு அங்குலம் தையல் கோணியிருந்தது. "இது யாருடையது?" என்றார். வந்திருந்த ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மீதித் துண்டுகள் என் வீட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். விசுவமடு மாமியின் சின்னக் கத்திரிக்கோலும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த நான்கு அங்குலத்தைப் பிரித்துத் தைத்துவிட்டுத் தருகிறேன், மாமி.

நன்றியுடன்,
ரீச்சரின் பழைய மாணவி ஒருத்தி,
தருமபுரம்