கயலுக்கு, ஹெட்ரூம் பற்றி

அன்புள்ள கயல்,

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இந்த விஷயத்தை எழுதினால்தான் ஒழுங்காக வரும். உன் பேட்ச்சில் (டிரைவர் நிரலில் நீ செய்த மாற்றத்தில்) பாக்கெட்டுக்கு முன்னால் காலியிடம், அதாவது ஹெட்ரூம், விடும் ஒரே ஒரு வரியைச் சுட்டி, "இத்தனை பைட் ஏன் விட்டிருக்கிறாய்?" என்று உன் குழு மூத்தவர் கேட்டதை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. நெட்வொர்க் டிரைவர், அதாவது நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல், எழுதுகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பழைய டிரைவரிலிருந்து அந்த எண்ணை எடுத்துப் போட்டாய் என்றாய். பரவாயில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்குள் எவ்வளவு பேருடைய தேவை அடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இனி நீ எந்த டிரைவரைத் திறந்தாலும் முதலில் அந்த வரியைத்தான் தேடுவாய்.

பாக்கெட், அதாவது வலையில் போகும் தரவுத் துண்டு, உருவாகும் வரிசையை நினைத்துக்கொள். முதலில் வருவது பயனரின் தரவு. அதற்கு முன்னால் டிசிபி ஹெட்டர் (அந்த அடுக்கு ஒட்டும் முகப்புக் குறிப்பு), குறைந்தது 20 பைட். அதற்கும் முன்னால் ஐபி ஹெட்டர், பதிப்பு நான்கு என்றால் 20, ஆறு என்றால் 40. எல்லாவற்றுக்கும் முன்னால் ஈதர்நெட், 14 பைட். கம்பியில் முதலில் போவது கடைசியாக எழுதப்படுகிறது. அதாவது பாக்கெட் முன்பக்கமாக வளர்கிறது. தரவை பஃபரின் (பாக்கெட்டுக்காக ஒதுக்கிய நினைவகத்தின்) முதல் பைட்டிலேயே வைத்துவிட்டால், டிசிபி தன் 20 பைட்டை எங்கே எழுதும்? புதிதாகப் பெரிய பஃபர் வாங்க வேண்டும், எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். ஐபி வந்ததும் மறுபடியும். ஈதர்நெட் வந்ததும் மறுபடியும். நொடிக்கு லட்சக்கணக்கில் பாக்கெட் போகிற இடத்தில் இது கட்டுப்படியாகாது.

நம் ஊரில் ஒரு மாடி வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்கள், பார்த்திருக்கிறாய். மேல்மாடியை யார் கட்டுவார், எப்போது கட்டுவார் என்று அப்போது தெரியாது. கம்பி இல்லாவிட்டால் பிறகு தூணை உடைத்துத்தான் கட்ட வேண்டும். ஹெட்ரூம் என்பது அந்தக் கம்பிதான்.

லினக்ஸ் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கேபி என்று ஒரு விவரப் பதிவு உண்டு. அதில் நினைவக இடத்தைக் காட்டும் நான்கு சுட்டிகள்: ஹெட், டேட்டா, டெயில், எண்ட். ஹெட்டும் எண்டும் நினைவகத்தின் இரு எல்லைகள், அவை அசையாது. டேட்டாவும் டெயிலும் பாக்கெட்டின் இரு முனைகள், அவை நகரும். எஸ்கேபி_ரிசர்வ் செய்வது இவ்வளவுதான்: பஃபர் காலியாக இருக்கும்போதே டேட்டாவையும் டெயிலையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறது. ஒரு பைட்டும் எழுதுவதில்லை. அப்புறம் எஸ்கேபி_புட் பின்பக்கம் நீட்டும். எஸ்கேபி_புஷ் டேட்டா சுட்டியை முன்னே இழுத்து ஹெட்டருக்கு இடம் தரும். வரும் வழியில் எஸ்கேபி_புல் ஒவ்வொரு ஹெட்டராகக் கழற்றும். கழற்றுவது என்றாலும் எதையும் அழிப்பதில்லை, சுட்டிதான் நகர்கிறது. இந்த எளிமை எனக்கு இன்றும் அலுக்கவில்லை. இடம் இல்லாமல் புஷ் செய்தால் கர்னல் விட்டுக்கொடுக்காது, எஸ்கேபி அண்டர் பேனிக் என்று அங்கேயே நின்றுவிடும். நிற்பதுதான் நல்லது. பக்கத்து நினைவகத்தில் ஓசையில்லாமல் எழுதிவிட்டால் பிழையை வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

லினக்ஸ் மட்டுமில்லை. பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளக் குடும்பத்தில் எம்பஃப் என்ற பஃபர் இதே வேலையைச் செய்கிறது. அங்கே மேக்ஸ்_லிங்க்ஹெடர் என்று ஒரு மாறி, குறைந்தது 16. டிசிபி புதிய எம்பஃப் எடுத்ததும் அந்த அளவு தள்ளித்தான் ஐபி, டிசிபி ஹெட்டர்களை வைக்கும். எம்_ப்ரீபெண்ட் முதலில் முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சுட்டியை நகர்த்தும், இல்லையென்றால் புதிய எம்பஃப் ஒன்றைச் சங்கிலியின் முன்னால் கோர்க்கும். லினக்ஸ் பாக்கெட்டின் ஹெட்டர்கள் எல்லாம் ஒரே துண்டாக இருப்பதை விரும்புகிறது. அதனால்தான் அங்கே முன்கூட்டியே விடும் இடத்துக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, உன் எண்ணுக்கு வருகிறேன். உன் வரியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கூட்டி எழுதப்பட்டிருக்கின்றன. பிரித்துப் பார்.

முதலாவது அந்த 2 பைட். அது யாருக்கும் இடம் தருவதற்காக இல்லை. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட் என்பதால், பாக்கெட்டை 4இன் மடங்கில் தொடங்கி வைத்தால் ஐபி ஹெட்டர் 14இல் விழும். அதிலுள்ள 32 பிட் முகவரிகளைச் சில செயலிகள் ஒரே தடவையில் படிக்க முடியாமல் தடுமாறும். 2 பைட் தள்ளினால் ஐபி 16இல் உட்காரும். இதுதான் நெட்_ஐபி_அலைன். எக்ஸ்86இல் (சாதாரணக் கணினிகளில் இருக்கும் செயலி வகை) இதன் மதிப்பு 0, ஏனென்றால் அந்தச் செயலிகளுக்கு ஒழுங்கில்லாத முகவரி பெரிய சுமை இல்லை, மாறாக கார்டு 2 பைட் தள்ளி எழுதுவதுதான் சுமையாகலாம். நீ 2 என்று நேராக எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிட்டு, அலைன் சேர்த்தே பஃபர் வாங்கித் தரும் நெட்டெவ்_அலாக்_எஸ்கேபி_ஐபி_அலைன் பயன்படுத்து. எந்தச் செயலிக்கு எது பொருந்தும் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவதுதான் உண்மையான ஹெட்ரூம், நெட்_எஸ்கேபி_பேட். 32 அல்லது செயலியின் கேஷ் லைன் (நினைவகத்திலிருந்து அது ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) அளவு, இதில் எது பெரியதோ அது. உன் மேசையில் இருக்கும் எக்ஸ்86இல் 64. சிறிய ரௌட்டர்களில் வரும் பல மிப்ஸ் செயலிகளில் 32. வந்த பாக்கெட்டுக்கு முன்னால் ஏன் இடம் என்று நீ கேட்டாய். நல்ல கேள்வி. வந்த பாக்கெட் உன் கணினியிலேயே முடிந்துவிட்டால் அந்த இடம் வீண்தான். ஆனால் அது இன்னொரு வழியாக வெளியே போகப்போகிறதா என்பது பஃபர் வாங்கும் நேரத்தில் உன் டிரைவருக்குத் தெரியாது. பாக்கெட் இன்னும் வரவே இல்லையே!

ஒரு கணக்கைப் போட்டுப் பார். ஈதர்நெட்டில் வந்த சட்டத்தை (ஃபிரேமை), போர்ட்டுகளை இணைக்கும் பிரிட்ஜ் வழியாக விஎக்ஸ்லேன் சுரங்கத்துக்குள், அதாவது முழுச் சட்டத்தையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து, அனுப்புகிறோம். உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஹெட்டர் அப்படியே போகும். வெளியே புதிதாக விஎக்ஸ்லேன் 8, யுடிபி 8, ஐபி 20, ஈதர்நெட் 14 வேண்டும். ஈதர்நெட்டுக்குக் கர்னல் 16 என்று முழுமையாக்கி ஒதுக்கும். ஆக 52. எக்ஸ்86இன் 64க்குள் அடங்கிவிடும். வெளி ஐபியைப் பதிப்பு ஆறுக்கு மாற்று. 72 ஆகிவிடும். அடங்காது. அதே டிரைவர், அதே கார்டு, யாரோ ஒரு கட்டமைப்புக் கோப்பில் முகவரியை மாற்றினார், அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிஎஸ்கேபி_எக்ஸ்பாண்ட்_ஹெட் ஓடும், புதிய பஃபர், புதிய நகல். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் வேலை செய்யும், மெதுவாக.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ரௌட்டர் பெட்டியில் இதையே பார்த்தோம். ஈதர்நெட் கம்பியிலிருந்து இன்னொரு ஈதர்நெட் கம்பிக்கு வேகம் சரியாக இருந்தது, கம்பியிலிருந்து வைஃபைக்குப் போனால் செயலி மூச்சுத் திணறியது. எல்லோரும் ரேடியோவைச் சந்தேகப்பட்டார்கள். வைஃபைக்கு ஈதர்நெட்டின் 14 பைட் போதாது. க்யூஓஎஸ் என்ற முன்னுரிமைக் குறிப்பு சேர்த்து 26 பைட் ஹெட்டர், உள்ளே இருப்பது எந்த நெறிமுறை என்று சொல்லும் எல்எல்சி ஸ்னாப் 8, சிசிஎம்பி மறைகுறியாக்கத்துக்கு முன்னால் 8, சிப்பின் சொந்தக் குறிப்புகள் தனி. ஈதர்நெட் டிரைவர் விட்டிருந்த 32 பைட் அங்கே தீர்ந்துபோயிருந்தது. ரௌட்டர்களுக்கான லினக்ஸ் வடிவமான ஓப்பன்டபிள்யூஆர்டி தன் கர்னலில் அந்த 32ஐ 64 ஆக்கும் ஒரு சின்ன மாற்றத்தை வைத்திருக்கிறது, இதே காரணத்துக்காக. ஒரே ஒரு எண். ஈதர்நெட் டிரைவரில் விட்ட இடம் வைஃபையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தப் பெட்டியில் நேரில் பார்த்தபோது, இந்த வேலை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அனுப்பும் பக்கம் கொஞ்சம் சுலபம், ஏனென்றால் அங்கே முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறது. உன் கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் தன் சொந்தக் குறிப்பு கேட்கிறது என்றாயே, அதற்கு வேண்டிய இடத்தை நீடட்_ஹெட்ரூம் என்ற புலத்தில் எழுதி வை. பின்னால் ஏதாவது ஒட்ட வேண்டுமென்றால் நீடட்_டெயில்ரூம் இருக்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் இரண்டையும் கேட்கிறது: முன்னால் 16 பைட் செய்தித் தலைப்பு உட்பட, பின்னால் 16 பைட் சரிபார்ப்பு முத்திரை உட்பட. நீ சொல்லிவிட்டால் மேலடுக்குகள் பஃபர் வாங்கும்போதே கூட்டி வாங்கும். பெறும் பக்கத்துக்கு இப்படிச் சொல்லும் வழி வெகுநாள் இல்லை. 2016இல்தான் டன், வெத் போன்ற மெய்நிகர் சாதனங்களிடம் "உனக்கு மேலே சுரங்கம் இருக்கிறது, இவ்வளவு விட்டு வாங்கு" என்று சொல்ல எண்டிஓ_செட்_ஆர்எக்ஸ்_ஹெட்ரூம் வந்தது.

ஆனால் கயல், சொல்லிவிட்டோம் என்பதற்காக இடம் கட்டாயம் இருக்கும் என்று நம்பிவிடாதே. நீடட்_ஹெட்ரூம் ஒரு வேண்டுகோள்தான். எங்கிருந்தோ வந்த பாக்கெட் அதைக் கேள்விப்பட்டிருக்காது. இடம் இருந்தாலும் அது உனக்கே உனக்கானதா என்பது அடுத்த கேள்வி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்ஜ் ஒரே பாக்கெட்டைப் பல போர்ட்டுக்கு அனுப்பும்போது குளோன் செய்கிறது. குளோன் என்றால் எஸ்கேபி விவரப் பதிவு மட்டும் புதிது, பஃபரில் உள்ள பைட்டுகள் பொது. பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பார்க்கும் டிசிபிடம்ப் ஓடினாலும் இதே கதை. நீ உன் கார்டு கேட்கும் 8 பைட் குறிப்பை முன்னால் எழுதினால், அதே பஃபரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவரின் பாக்கெட்டில் கை வைக்கிறாய். எஸ்கேபி_ஹெட்ரூம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. 2017 ஏப்ரலில் எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் என்ற யுஎஸ்பி ஈதர்நெட் டிரைவரில் இந்தத் தவறு கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது. பழைய ராஸ்பெர்ரி பை பலகைகளின் ஈதர்நெட் சிப் அதில்தான் ஓடுகிறது. உடனே அதே வார்ப்பில் எழுதிய வேறு பல யுஎஸ்பி டிரைவர்களிலும் அதே தவறு இருப்பது தெரிந்து, அவையும் வரிசையாகத் திருத்தப்பட்டன. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். திருத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: எஸ்கேபி_கவ்_ஹெட். இடம் போதுமா, அது பொதுவில் இருக்கிறதா என்று இரண்டையும் அது பார்க்கும், தேவைப்பட்டால் மட்டும் நகலெடுக்கும். உன் அனுப்பும் செயற்கூற்றில் புஷ்ஷுக்கு முந்தைய வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது பிழை திருப்பினால் பாக்கெட்டைக் கைவிட்டு, கைவிட்டவற்றின் எண்ணிக்கையை ஒன்று கூட்டு, பிழையைக் கவனிக்காமல் மேலே போகாதே.

"அப்படியென்றால் நிறைய இடம் விட்டுவிட்டால் தொல்லை இல்லையே" என்று உனக்குத் தோன்றும். 2016இல் கர்னலுக்குள் வந்த எக்ஸ்டிபி (பாக்கெட் வந்த உடனே டிரைவரிலேயே ஒரு சின்ன நிரலை ஓட்டும் வசதி) கேட்பது 256 பைட். அதைக் கணக்குப் போடு. 4096 பைட் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 2048 என்று பாக்கெட் வைக்கும் டிரைவர்கள் உண்டு. அதில் கடைசியில் எஸ்கேபியின் பகிர்வுத் தகவலுக்குச் சுமார் 320 போகும். முன்னால் 256. மிச்சம் 1472. முழு ஈதர்நெட் சட்டம் 1514! உள்ளே நுழையாது. அப்போது ஒரு பக்கத்தில் ஒரு பாக்கெட், நினைவகம் இரட்டிப்பு. அதனால் தாராளமும் சரியில்லை. என் கருத்து இது: பெறும் பக்கத்தில் கர்னல் தரும் அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாதே, எக்ஸ்டிபி ஆதரிக்கிறாய் என்றால் அது ஏற்றப்படும்போது வளையத்தை (பெறும் பஃபர்களின் வரிசையை) மறுபடி அமைத்து அதிகம் கொடு, மற்ற நேரத்தில் கொடுக்காதே. அனுப்பும் பக்கத்தில் உன் சிப் உண்மையில் கேட்பதை மட்டும் கேள்.

பேட்ச்சைத் திரும்ப அனுப்பும் முன் ஒன்று செய்து பார். வெத் ஒன்றும் விஎக்ஸ்லேன் ஒன்றும் உன் கார்டும் சேர்த்து ஒரு பிரிட்ஜ் கட்டு. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓடவிட்டு, பிஎஸ்கேபி_எக்ஸ்பாண்ட்_ஹெட் எத்தனை தடவை அழைக்கப்படுகிறது என்று, கர்னலுக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் பிபிஎஃப்ட்ரேஸில் எண்ணு. வெளி ஐபி நான்கிலும் ஆறிலும் தனித்தனியாக எடு. அந்த இரண்டு எண்ணையும் பேட்ச் விளக்கத்தில் எழுது. உன் மூத்தவர் கேட்ட "ஏன்" என்பதற்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று அப்பா கேட்கச் சொன்னார். டிக்கெட் விலை ஏறுவதற்கு முன் சொல்லிவிடு. பேட்ச்சின் அடுத்த வடிவத்தை எனக்கும் அனுப்பு கண்ணு, வரி வரியாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா