விளிம்பு பெயர்ந்த சிமிழ்

யோகோஹாமா

அன்புள்ள கயல்,

"சீனாக்காரன் பொருளைப் பார்த்து ஜப்பான்காரன் அடிச்ச காப்பியை எதுக்குப்பா காசு கொடுத்துச் சேர்க்கிறீங்க?" என்று போன வாரம் கேட்டாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், பதில் பாதியில் நின்றுபோனது.

மூடியில் பியோனிப் பூ செதுக்கிய அந்தச் சிவப்புச் சிமிழ் ஞாபகமிருக்கிறதா? சீனத்துச் சரக்கு என்று சொல்லித்தான் ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டினார். அசல் சீன வேலையில் பூவை மரத்தில் செதுக்க மாட்டார்கள். உருஷி மரத்துப் பாலை மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, மறுபடி பூசி, நூறு பூச்சுகூட ஏற்றுவார்கள். அந்தக் கனத்திலேயே பூவை வெட்டி எடுப்பார்கள். ஒரு நாள் என் சிமிழின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கவேண்டிய இடத்தில் மர ரேகை! சிவப்பு, அதன் கீழே மெலிசாகக் கறுப்பு, அதற்கும் கீழே மரம். காமகுராபோரி, அதாவது காமகுரா ஊரில் மரத்தைச் செதுக்கி உருஷி பூசும் ஜப்பான் வேலை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காமகுரா இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. கோபத்தோடுதான் போனேன். அங்கே ஜென் மடங்களுக்குச் சீனாவிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகளும் தட்டுகளும் வந்திருக்கின்றன. அந்தப் பூவைக் கட்சுரா மரத்தில் வெட்டி, மேலே உருஷி பூசியிருக்கிறார்கள் இங்குள்ள புத்தர் சிலைச் சிற்பிகள். புத்தர் சிலை செய்த உளிதானே, அதன் தடம் இதழ்களில் அப்படியே தெரிகிறது. யாரும் அதை மழுங்கத் தேய்க்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். 1868ல் ஆட்சி மாறியபின் மடங்கள் நொடித்து, சிலை வேலை நின்றபோது கோதோ, மிட்சுஹாஷி என்ற சிற்பிக் குடும்பங்கள் தட்டும் சிமிழும் செய்துதான் பிழைத்தன.

அந்தச் சிமிழை உனக்கு அனுப்புகிறேன். டொராண்டோக் குளிரில் ஹீட்டர் பக்கம் வைக்காதே. வறண்டால் மரம் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். ஜன்னல் வெயிலும் ஆகாது. பள்ளங்களில் கறுப்பாக இருப்பதை அழுக்கென்று தேய்த்துவிடாதே, பழசு மாதிரி தெரிய வேண்டுமென்றே தூவிய மகோமோ என்ற நீர்ப்புல்லின் பொடி அது. மாங்காய்ப் பால் பட்டு உன் வாயோரம் வெந்ததே, உருஷியும் மா, சேங்கொட்டைக் குடும்பம்தான். பயப்படாதே, பச்சைப் பால்தான் அரிக்கும். இறுகிய பூச்சு ஒன்றும் செய்யாது.

பெயர்ந்த விளிம்பை நான் ஒட்டவில்லை. லென்ஸும் பார்சலில் இருக்கிறது, பார்.

அப்பா